சக்கையை எரிக்க முடியாத ஆலை

கரும்பு ஆலைக்கு அடுப்புக் கவலை பெரிதாக இல்லை. 100 கிலோ கரும்பை அரைத்தால் ஏறத்தாழ 30 கிலோ சக்கை மிஞ்சுகிறது. அதில் பாதி ஈரமாக இருந்தாலும் கொதிகலனுக்குள் அது நின்று எரிந்து, உருளைகளைச் சுழற்றவும் சாற்றைக் காய்ச்சவும் விளக்கெரிக்கவும் வேண்டிய நீராவியைத் தந்துவிடுகிறது. ஐரோப்பாவின் குளிர்நிலங்களில் அதே சர்க்கரையைத் தரும் பீட் கிழங்கிடம் இந்தத் தாராளம் கிடையாது. 100 கிலோ கிழங்கில் முக்கால் பங்கு தண்ணீர், 17 கிலோ அளவுக்குச் சர்க்கரை, நார்ப்பொருள் 5 கிலோ மட்டுமே; அந்த நாரும் வெந்நீரில் ஊறி, தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரைச் சுமந்துகொண்டு வெளியே வருவதால் அடுப்பில் போட்டால் தீயை அணைக்குமே தவிர வளர்க்காது. ஆகவே பீட் ஆலை தனக்கு வேண்டிய நிலக்கரியையோ எரிவாயுவையோ கடைசிப் பிடி வரைக்கும் விலை கொடுத்தே வாங்க வேண்டும். அப்படியிருந்தும், சாற்றைக் காய்ச்சும் கலையில் உலகின் மிகச் சிக்கனமான ஆலைகளைத் தேடினால் அவை பீட் ஆலைகளாகவே இருப்பதைக் காணலாம். ஒரு கிலோ நீராவியைக்கொண்டு நான்கைந்து கிலோ தண்ணீரை ஆவியாக்கும் இந்த வித்தை, மேலோட்டமாகப் பார்த்தால் இயற்கையின் கணக்குக்கே முரணாகத் தோன்றுகிறது. அது எவ்வாறு முரணாகாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சர்க்கரை பீட், நம் சந்தைகளில் கிடைக்கும் சிவப்பு பீட்ரூட்டின் அதே இனத்தைச் சேர்ந்த, வெள்ளைச் சதையுடைய பெரிய கிழங்கு. 1747இல் பெர்லின் நகர வேதியியலாளர் மார்கிராஃப், பீட் சாற்றிலிருந்து பெற்ற படிகங்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அவை கரும்புச் சர்க்கரையின் படிகங்களேதான் என்று உறுதிசெய்தார். அவருடைய மாணவர் ஆக்கர்டு சைலீசியாவின் கூனெர்ன் என்னும் ஊரில் முதல் ஆலையை நிறுவினார். அது 1802இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் நெப்போலியனின் வணிகத்தடையால் கடல்கடந்து வந்த கரும்புச் சர்க்கரை நின்றுபோகவே, பிரான்சிலும் இந்தத் தொழில் வேரூன்றியது. ஆனால் அன்றைய ஆலைகளின் பெருஞ்செலவு விறகும் நிலக்கரியுமாக இருந்தது. தொழில் பிழைத்ததற்குக் கிழங்கின் சர்க்கரை அளவை உயர்த்திய உழவர்களுக்கு எவ்வளவு பங்குண்டோ, அடுப்பைச் சீர்திருத்திய பொறியாளர்களுக்கும் அவ்வளவு உண்டு.

ஆலைக்குள் வெப்பம் எங்கே செலவாகிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கிழங்கின் பயணத்தைச் சுருக்கமாகப் பின்தொடர்வது போதும். கழுவிய கிழங்கு மெல்லிய சீவல்களாக அரியப்பட்டு, ஏறத்தாழ 70 டிகிரி வெந்நீரில் எதிரெதிராக நகர்த்தப்படுகிறது. பச்சை பீட்ரூட் துண்டைக் குளிர்ந்த நீரில் போட்டால் வெட்டுப்பட்ட ஓரத்தின் நிறம் மட்டும் கொஞ்சம் கசிவதையும், கொதிநீரில் போட்டால் பாத்திரமே சிவந்துவிடுவதையும் சமையலறையில் எவரும் பார்த்திருக்கலாம். சூடு உயிரணுச் சவ்வுகளைத் தளர்த்திவிடுவதால் உள்ளிருப்பது வெளியேறுகிறது. வெள்ளைக் கிழங்கில் நிறத்துக்குப் பதில் சர்க்கரை வெளியேறுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. ஊடுபரவல் எனப்படும் இம்முறையை 1864இல் மொராவியாவின் ஸீலோவிட்ஸ் ஆலையில் யூலியுஸ் ராபர்ட் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இவ்வாறு கிடைக்கும் கறுத்த சாற்றில் சுண்ணாம்புப் பாலைக் கலந்து, பின் கரியமில வாயுவைச் செலுத்தினால், அழுக்குகளை அணைத்துக்கொண்டு சுண்ணாம்பு படிந்துவிடும். மேலே நிற்பது தெளிசாறு. அதில் கரைபொருள் 15 விழுக்காடுதான். அதை 75 விழுக்காடுள்ள கெட்டிச்சாறாகக் காய்ச்சிய பிறகே வெற்றிடக் கொப்பரையில் படிகம் வளர்க்க முடியும். எல்லாச் செலவும் இந்தக் காய்ச்சலைச் சுற்றியே நிற்கிறது.

எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்பதை எளிதில் கணக்கிடலாம். 100 கிலோ தெளிசாற்றில் 15 கிலோ கரைபொருள் இருக்கிறது; அது ஆவியாவதில்லை. கெட்டிச்சாற்றில் அதே 15 கிலோ, மொத்த எடையில் 75 விழுக்காடாக இருக்க வேண்டுமென்றால் மொத்த எடை 20 கிலோவாக இருந்தாக வேண்டும். ஆகவே 80 கிலோ தண்ணீர் பறந்திருக்கிறது. 100 கிலோ கிழங்கு ஏறத்தாழ 110 கிலோ சாறு தரும் என்று கொண்டால், கிழங்கின் எடைக்குக் கிட்டத்தட்ட நிகரான தண்ணீரை ஆலை ஆவியாக்குகிறது. நாளொன்றுக்கு 10,000 டன் கிழங்கு அரியும் ஆலையில் இது 8,800 டன்.

இந்தக் கணக்கு வெறும் காகிதக் கணக்கன்று; ஆலையின் நாடித்துடிப்பும் இதுவே. ஆவியாக்கியின் நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் ஒவ்வொரு சொட்டுச் சாற்றை எடுத்து ஒளிவிலகல்மானியின் கண்ணாடியில் வைத்துச் செறிவைப் படித்துவிட்டால், எந்தக் குழாயிலும் பாய்வுமானி இல்லாமலேயே எத்தனை பங்கு தண்ணீர் வெளியேறியது என்று சொல்லிவிடலாம். தப்பி ஓடாத ஒரு பொருளைச் சாட்சியாக வைத்துத் தப்பி ஓடிய பொருளை அளக்கும் இந்த உத்தி, ஆற்றல் தணிக்கை செய்பவர்களின் முதல் ஆயுதம்.

இனி, தண்ணீரை ஆவியாக்குவது ஏன் இவ்வளவு செலவு பிடிக்கிறது? உலையில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் வரை ஆகும் நேரத்தைவிட, கொதிக்கும் தண்ணீர் முழுதும் வற்றுவதற்கு ஆகும் நேரம் பல மடங்கு. இந்த அன்றாட உண்மையை அளந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தவர் கிளாஸ்கோவில் வேதியியல் கற்பித்த ஜோசப் பிளாக். 1762இல் அவர் தகரக் கலங்களில் குளிர்நீரை ஊற்றி, பழுக்கக் காய்ந்த இரும்பு அடுப்பின்மேல் வைத்தார். 4 நிமிடத்தில் நீர் கொதித்தது, முற்றிலும் வற்றுவதற்கு மேலும் 20 நிமிடம் பிடித்தது. அடுப்பின் சூடு மாறவில்லை என்று கொண்டால், கொதிநிலைக்கு ஏற்றச் செலவான வெப்பத்தைப்போல 5 மடங்கு வெப்பம் நீருக்குள் போயிருக்கிறது. ஆனால் வெப்பமானி 100 டிகிரியிலிருந்து நகரவே இல்லை. எங்கோ ஒளிந்துகொண்ட அந்த வெப்பத்தையே உள்ளுறை வெப்பம் என்கிறோம். இன்றைய துல்லிய அளவீட்டில் அந்த விகிதம் 6 மடங்குக்கு அருகில் வருகிறது. ஓர் அடுப்பையும் கடிகாரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு பிளாக் அவ்வளவு நெருங்கி வந்தது வியப்புக்குரியது.

ஒளிந்துகொண்டது என்றால் அழிந்துபோனது என்று பொருளில்லை. ஆவி மீண்டும் நீராகக் குளிரும்போது, தான் விழுங்கிய உள்ளுறை வெப்பம் முழுவதையும் திருப்பிக் கக்குகிறது. கொதிநீர் பட்டதைவிட நீராவி பட்ட கை மோசமாக வெந்துபோவது இதனால்தான். அப்படியானால் சாற்றிலிருந்து எழும் ஆவியும் ஓர் எரிபொருளே. அதைக் கூரை வழியே வானுக்கு விடுவது, அடுப்பில் போட்ட விறகின் பயனைப் புகைபோக்கி வழியே விடுவதற்குச் சமம். வெல்லம் காய்ச்சும் கொட்டகையின் மேல் எழும் வெண்புகை மண்டலத்தில் பெரும்பகுதி இவ்வாறு வீணாகும் வெப்பந்தான்.

ஆனால் இங்கே ஒரு முட்டுக்கட்டை. 100 டிகிரியில் எழுந்த ஆவியால் 100 டிகிரியில் கொதிக்கும் மற்றொரு பானையைக் கொதிக்கவைக்க முடியாது, ஏனெனில் வெப்பம் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டுமே பாயும். இரண்டாவது பானையின் கொதிநிலையைத் தாழ்த்தினால் பாய்ச்சலுக்கு வேண்டிய சரிவு கிடைத்துவிடும். கொதிநிலை அழுத்தத்தைப் பொறுத்தது என்பதைப் பிரஷர் குக்கர் வைத்திருக்கும் எல்லா வீட்டாரும் அறிவர். மூடிய குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரியை எட்டிய பிறகே கொதிக்கிறது, காற்று மெலிந்த மலையுச்சியிலோ 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே அடுத்தடுத்த கலங்களில் அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால், முதல் கலத்தின் ஆவி இரண்டாவதையும், இரண்டாவதன் ஆவி மூன்றாவதையும் காய்ச்சும்.

இந்த அமைப்பை ஆலையில் வெற்றிகரமாக நிறுவிக் காட்டியவர் நார்பர்ட் ரில்யூ. 1806இல் நியூ ஆர்லியன்சில், வெள்ளைத் தந்தைக்கும் அடிமையல்லாத, கறுப்பின வழிவந்த தாய்க்கும் பிறந்து, பாரிசில் பொறியியல் பயின்று, நீராவி பற்றி ஆய்வுரைகள் எழுதிய பின் லூயிசியானா திரும்பியவர். அங்கே கரும்புச்சாறு வரிசையாக வைத்த திறந்த கொப்பரைகளில் காய்ச்சப்பட்டது. அடிமைகள் நீண்ட அகப்பைகளால் கொதிக்கும் சாற்றை ஒரு கொப்பரையிலிருந்து அடுத்ததற்கு மொண்டு ஊற்றினர். வெந்துபோன உடல்களும் கருகிய சர்க்கரையும் அந்த முறையின் அன்றாட விளைவுகள். ரில்யூ 1843இலும் 1846இலும் பெற்ற காப்புரிமைகளின்படி கட்டப்பட்ட மூடிய கலங்கள் அகப்பையையும் ஒழித்தன, எரிபொருளையும் பெருமளவு மிச்சப்படுத்தின. நிறவெறிச் சட்டங்கள் இறுகிக்கொண்டிருந்த காலத்தில் பிரான்சுக்கே திரும்பிவிட்ட அவர், முதுமையில் பீட் சாற்றுக்கு ஏற்றவாறு தம் முறையைத் திருத்தி அமைத்தார். 1894இல் பாரிசில் இறந்தார். இன்று பால்பவுடர் முதல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வரை பயன்படும் பன்னிலை ஆவியாக்கிகளின் மூலவர் என்று இவரைச் சொல்வது மிகையாகாது.

தற்கால பீட் ஆலையின் ஐந்நிலை ஆவியாக்கி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் கலத்தின் குழாய்களைச் சுற்றி 135 டிகிரி நீராவி வருகிறது. உள்ளே சாறு 127 டிகிரியளவில் கொதிக்கிறது. அந்த ஆவி இரண்டாம் கலத்தின் குழாய்களைச் சூழ்ந்து குளிர்ந்து நீராகி, அங்குள்ள சாற்றை 120 டிகிரியில் கொதிக்கவைக்கிறது. இப்படியே 112, 103 என்று இறங்கி, ஐந்தாம் கலத்தில் சாறு 90 டிகிரியை ஒட்டிக் கொதிக்கிறது. மூத்தவனுக்கு எடுத்த சட்டையே அடுத்தடுத்த தம்பிகளுக்கு இறங்கிவரும் பெரிய குடும்பத்தைப்போல, கொதிகலன் ஒருமுறை தந்த வெப்பமே ஐந்து இடங்களில் உழைக்கிறது. சட்டையின் துணி குறைவதில்லை, சாயம்தான் ஒவ்வொரு முறையும் வெளுக்கிறது. வெப்பத்தின் அளவு ஏறத்தாழ அப்படியே இருக்க, அதன் தரமாகிய வெப்பநிலை மட்டும் தேய்ந்துகொண்டு போகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் முரணாகத் தோன்றிய கணக்கு இங்கே நேராகிவிடுகிறது: ஒரு கிலோ நீராவி, ஐந்து கலங்களில் ஏறத்தாழ ஐந்து கிலோ தண்ணீரை ஆவியாக்குகிறது.

அப்படியென்றால் இருபது கலங்கள் வைத்தால் என்ன என்ற கேள்வி எழும். தடை வெப்பநிலை ஏணியின் உயரத்தில் இருக்கிறது. மேல்படியை 135 டிகிரிக்கு மேல் உயர்த்தினால் சர்க்கரை சிதைந்து சாறு கறுக்கத் தொடங்கும். சுண்ணாம்பால் நன்கு தெளிந்து காரத்தன்மை சற்றே தூக்கலாக இருக்கும் பீட் சாறு இவ்வளவு சூட்டையாவது தாங்கும்; குளுக்கோசும் ஃப்ரக்டோசும் கலந்த கரும்புச்சாறு அதற்கும் முன்பே நிறம் மாறிவிடும். கீழ்ப்படியையோ விருப்பம்போல் தாழ்த்த முடியாது, அதன் ஆவிக்கும் வேறிடங்களில் வேலை காத்திருக்கிறது. இடைப்பட்ட 40, 45 டிகிரியைக் கலங்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். கெட்டிச்சாறு, அதே அழுத்தத்தில் வெறும் தண்ணீர் கொதிக்கும் நிலையைவிடச் சில டிகிரி மேலேதான் கொதிக்கும் என்பதால் அந்தப் பங்கிலும் ஒரு பகுதி கரைந்துபோகிறது. ஆழமான கலத்திலோ அடிச்சாறு தன்மேல் நிற்கும் சாற்றின் எடையால் அழுத்தப்பட்டு மேலும் தாமதிக்கிறது.

இந்த நெருக்கடியிலிருந்து வழிகாட்டியது வீழ்படல ஆவியாக்கி. 10 மீட்டர் உயரமுள்ள நூற்றுக்கணக்கான செங்குத்துக் குழாய்களின் உட்சுவரில் சாறு மெல்லிய படலமாக வழிந்திறங்குகிறது. தோசைக்கல்லில் மெல்லிசாக இழுத்த மாவு நொடியில் வேகவும், ஊத்தப்பம் நின்று வேகவும் காரணம் என்னவோ அதுவே இங்கும் காரணம். ஆழமில்லை, ஆகவே அடிச்சாற்றின் தாமதமில்லை. இரண்டு மூன்று டிகிரி வேறுபாடே கொதிக்கப் போதுமானது. சாறு சூட்டில் தங்கும் நேரமும் குறைவு. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பிறகு எரிபொருள் விலை ஏறிய ஐரோப்பாவில் இவ்வகைக் கலங்கள் பரவி, ஐந்து நிலைகள் ஆறாயின, ஏழாயின. ஒரு குறையும் உண்டு: படலம் எங்காவது அறுந்து குழாய்ச்சுவர் காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் சர்க்கரை கருகி ஒட்டிக்கொள்ளும், ஆகவே மேலே சாற்றைப் பகிரும் தட்டு ஒரு குழாயைக்கூடத் தவறவிடாமல் ஊற்ற வேண்டும்.

ரில்யூ இன்னொரு விதியையும் விட்டுச் சென்றார். அதன் முழுப் பயனை அறுவடை செய்தது பீட் தொழிலே. ஆலையில் காய்ச்சுவதற்கு ஆவியாக்கி மட்டும் இல்லை. ஊடுபரவல் கோபுரத்துக்கும், சாற்றைத் தெளிவிக்கும் முன் சூடேற்றவும், படிகக் கொப்பரைகளுக்கும் வெப்பம் வேண்டும். இவற்றில் ஒரு வேலைக்கு 10 கிலோ நீராவி தேவை என்று வைத்துக்கொள்வோம். கொதிகலனிலிருந்து நேரே எடுத்தால் செலவு 10 கிலோ. அதற்குப் பதில் ஐந்நிலை ஆவியாக்கியின் முதல் கலத்து ஆவியில் 10 கிலோவைப் பிரித்து எடுத்தால், அந்த ஆவி எழும்போதே 10 கிலோ தண்ணீரைச் சாற்றிலிருந்து நீக்கிவிட்டது. அந்த வேலைக்குத் தனியே 2 கிலோ நீராவி செலவாகியிருக்கும் என்பதால் நிகரச் செலவு 8 கிலோவாகிறது. நான்காம் கலத்து ஆவியை எடுத்தாலோ, அது நான்கு கலங்களில் 40 கிலோ தண்ணீரை நீக்கிவிட்டு வருகிறது. நிகரச் செலவு 2 கிலோதான். ஐந்தாம் கலத்தின் ஆவி எப்படியும் குளிர்விப்பானுக்குப் போயிருக்கும் என்பதால் அது கிட்டத்தட்ட இனாம். வேலையை முடிக்கப் போதுமான சூடு எந்தக் கடைசிக் கலத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே ஆவியை எடு என்பதே விதி. இதைக் கடைசிவரை கடைப்பிடித்த ஆலையில் ஆவியாக்கியிலிருந்து குளிர்விப்பானுக்கு வீணே போகும் ஆவி ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது. 100 கிலோ கிழங்குக்கு 20 கிலோ நீராவியளவில் முழு ஆலையும் ஓடுகிறது. வெறும் காய்ச்சலுக்கு மட்டுமே 88 கிலோ கேட்ட ஒற்றைக் கலத்தோடு இதை ஒப்பிட்டால் தூரம் விளங்கும்.

ஆவி குளிர்ந்த நீர், குழாய்களின் வெளிப்புறத்தில் சொட்டிச் சேர்ந்து, முதல் கலத்திலிருந்து கொதிகலனுக்கே திரும்புகிறது. ஏதேனும் ஒரு குழாயில் ஊசிமுனைத் துளை விழுந்து சாறு அதில் கலந்துவிட்டால், சர்க்கரை கொதிகலனுக்குள் போய்க் கருகி அமிலமாகிக் குழாய்களையே அரித்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஆய்வகத்தில் செய்யும் சோதனை பழமையானது: சோதனைக் குழாயில் அந்த நீரை எடுத்து, ஆல்ஃபா நாப்தால் சில சொட்டுகள் விட்டு, அடர்கந்தக அமிலத்தைச் சுவரோரமாக மெல்ல வழியவிட்டால், இரண்டும் சந்திக்கும் தளத்தில் ஊதா வளையம் தோன்றுகிறது. மிகச் சிறிதளவு சர்க்கரை இருந்தாலும் வளையம் காட்டிக்கொடுத்துவிடும். தானியங்கிக் கருவிகள் வந்த பின்னும் பல ஆலைகளில் இந்த வளையத்துக்குள்ள மரியாதை குறையவில்லை.

ஆலை பெரிதாகி, சூடாக வேண்டியவையும் குளிர வேண்டியவையுமாக டஜன் கணக்கில் ஓட்டங்கள் சேர்ந்தபோது எதை எதனோடு இணைப்பது என்பது அனுபவத்தால் மட்டும் தீர்க்க முடியாத புதிராயிற்று. 1970களில் போடோ லின்ஹோஃப் என்னும் பொறியாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் உருவாக்கிய முறை இதற்கு விடை சொல்கிறது. இங்கே அதை இடுக்கு ஆய்வு எனலாம். வெப்பம் தரக்கூடிய ஓட்டங்கள் அனைத்தையும் ஒரு கோடாகவும், வெப்பம் வேண்டும் ஓட்டங்கள் அனைத்தையும் மற்றொரு கோடாகவும் வெப்பநிலை வரைபடத்தில் இட்டால், இரண்டும் ஓரிடத்தில் மிக நெருங்கி நிற்கும், அதுவே இடுக்கு. அதன் பொருளைத் தொடர் ஏரிகளைக்கொண்டு விளக்கலாம். மேல் ஏரியின் ஆயக்கட்டில் தண்ணீர் பற்றாக்குறை, கீழ் ஏரியிலோ உபரி வழிந்து ஓடுகிறது என்று கொள்வோம். இந்நிலையில் மேல் மடையைத் திறந்து கீழே தண்ணீர் விட்டால், மேலே அவ்வளவு தண்ணீரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும், கீழேயும் அவ்வளவு கூடுதலாக வழியும். ஒரு தவற்றுக்கு இரு தண்டனை. இடுக்குக்கு மேலே உள்ள வெப்பம் அருமையானது, கீழே உள்ளது உபரி. மேலதைக் கீழே விடாதே, கீழே புது நீராவி ஊற்றாதே, மேலே குளிர்விப்பான் வைக்காதே. கேட்க எளிய இந்த மூன்று தடைகளை ஒரு பழைய ஆலையின் குழாய் வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், ஒரு நல்ல ஆவியைத் தண்ணீர்த் தொட்டியைச் சூடேற்றப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் குழாய் எங்காவது அகப்பட்டே தீரும். படிகக் கொப்பரையிலிருந்து எழும் 60 டிகிரி ஆவியைக்கூட வீணாக்காமல் 30 டிகிரி குளிர்சாற்றை முதலில் சூடேற்ற வைப்பது இத்தகைய சிந்தனையின் விளைவே.

சிக்கனத்தின் மறுபாதி, தண்ணீரை உள்ளே விடாமலிருப்பது. ஊடுபரவலில் அதிக நீர் ஊற்றினால் சீவலில் எஞ்சும் சர்க்கரை குறையும், ஆனால் சாறு நீர்த்துக் காய்ச்சும் செலவு ஏறும். மையவிலக்கியில் படிகங்களைக் கழுவ ஊற்றும் நீர் சர்க்கரையையும் கரைத்துக்கொண்டு மீண்டும் கொப்பரைக்கே வந்து நிற்கும். ஆலைக்குள் திறக்கும் ஒவ்வொரு தண்ணீர்க் குழாயும் மறைமுகமாக ஓர் எரிபொருள் குழாயே என்பதைத் தொழிலாளருக்குப் புரியவைப்பது, புதிய இயந்திரம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. பல நேரங்களில் அதைவிடப் பலன் தருவதும் கூட.

சாற்றைக் கடந்து சக்கைக்கு வந்தால் வேறொரு பெருஞ்செலவு காத்திருக்கிறது. பீட் சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம். நீண்டநாள் கெடாதிருக்க அதை உலர்த்தி வில்லைகளாக்க வேண்டும். பழைய முறையில், 600 டிகிரியைத் தாண்டிய சூட்டுப்புகையைப் பெரிய உருளைக்குள் செலுத்தி உலர்த்தினர்; ஆலை முழுவதற்குமான எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போனதுண்டு. துவைத்த துணியைப் பிழியாமல் கொடியில் போடுபவர் எவருமில்லை. சக்கையிலும் அதே நியாயந்தான். 100 கிலோ கிழங்கிலிருந்து வரும் 5 கிலோ நாரை, ஐந்தில் ஒரு பங்கு உலர்பொருள் இருக்கும் அளவுக்குப் பிழிந்தால் 25 கிலோ ஈரச்சக்கை கிடைக்கும். உலர்த்த வேண்டிய தண்ணீர் 19 கிலோவுக்கு மேல். உலர்பொருள் 30 விழுக்காடாகும் வரை பிழிந்தால் ஈரச்சக்கை 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உலர்த்த வேண்டியது 11 கிலோ மட்டுமே. பிழிவதற்கு ஆகும் மின்சாரம், அந்த 8 கிலோவை ஆவியாக்க வேண்டிய வெப்பத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பம். ஆனால் வெந்த பீட் நார் வழவழப்பாக நழுவும், அழுத்தத்தைத் தாங்காது. ஊடுபரவல் நீரில் ஜிப்சம் கலந்தால் அதிலுள்ள கால்சியம், நாரிலுள்ள பெக்டின் இழைகளுக்கிடையே பாலமாக நின்று அதை இறுக்கிவிடுகிறது. அதன்பின் பிழிப்பான் தன் வேலையைச் செய்கிறது. மலிவான ஒரு கல்தூள் இவ்வளவு எரிபொருளை மிச்சப்படுத்துவது, இத்தொழிலின் அதிகம் பேசப்படாத அழகுகளில் ஒன்று.

பிழிந்த பின்னும் மீந்த ஈரத்தை என்ன செய்வது என்பதற்கு டென்மார்க்கில் 1980களில் பிறந்த விடை துணிச்சலானது: நீராவியைக்கொண்டே உலர்த்துவது. ஈரத்தை நீக்க ஈரமான ஆவியா என்று தோன்றலாம்; ஆனால் கொதிநிலைக்கு மிக மேலே சூடேற்றிய மிகைச்சூட்டு நீராவி, தாகம் கொண்ட காற்றைப்போலவே ஈரத்தை வாங்கிக்கொள்ளும். அழுத்தக் கலத்துக்குள் சக்கை அந்த ஆவியில் மிதந்து சுழல்கிறது. சக்கையிலிருந்து புறப்பட்ட தண்ணீரும் மூன்று நான்கு வளிமண்டல அழுத்தமுள்ள நீராவியாகவே வெளியேறி, ஆவியாக்கியின் முதல் கலத்துக்குள் நுழைகிறது. உலர்த்தும் செலவு அப்படியே காய்ச்சும் செலவாக மறுபிறவி எடுக்கிறது, வானுக்குப் போவது ஏதுமில்லை. விலை அதிகம், கலம் அழுத்தத்தில் இருப்பதால் சக்கையை உள்ளே தள்ளும் வாய்களில் தேய்மானமும் அதிகம். அதனால் சில ஆலைகள் இதற்குப் பதில், ஆலையில் மிஞ்சும் 50, 60 டிகிரி வெந்நீரால் சூடேறிய காற்றை நீண்ட பட்டைமேல் பரப்பிய சக்கையில் ஊதி, பொறுமையாக உலர்த்துகின்றன.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொதிகலனில் உயரழுத்த நீராவியை உண்டாக்கி, டர்பைன் வழியே செலுத்தி மின்சாரம் எடுத்த பிறகு, களைத்து வெளிவரும் நீராவியை ஆவியாக்கிக்கு அனுப்புவது இத்தொழிலின் நெடுநாள் வழக்கம். மின்நிலையம் குளிர்விப்புக் கோபுரத்தில் இழக்கும் வெப்பம் இங்கே சாற்றைக் காய்ச்சுகிறது. ஆவியையே அழுத்தி மீண்டும் சூடாக்கும் முறையும் உண்டு. மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பு சுடுவதுபோல, ஆவியை அமுக்கினால் அதன் வெப்பநிலை ஏறும். ஏறியதும் அது புறப்பட்ட கலத்தையே மறுபடி காய்ச்சலாம். 1850களில் ஆஸ்திரியாவின் எபென்சே உப்பு ஆலையில் பீட்டர் ஃபொன் ரிட்டிங்கர் இதை முயன்று பார்த்தார். நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்ற கட்டாயம் ஐரோப்பாவில் வலுத்துவரும் இன்று, காற்றாலை மின்சாரத்தால் ஆவியை அமுக்கும் இந்தப் பழைய யோசனை மீண்டும் பொறியாளர் மேசைக்கு வந்திருக்கிறது.

கரும்பு ஆலைகள் இதையெல்லாம் நெடுங்காலம் கண்டுகொள்ளாமல் இருந்ததில் வியப்பில்லை. சக்கை மலைபோல் குவிந்து, அதை ஒழிப்பதே தொல்லையாக இருந்த ஆலைக்கு நீராவியை மிச்சப்படுத்துவதில் என்ன லாபம்? சக்கைக்கு வேறு விலை கிடைத்ததும் நிலைமை மாறியது. தமிழ்நாட்டில் மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கலாம் என்றானபோதும், புகளூரை அடுத்த காகிதபுரத்தின் செய்தித்தாள் காகித ஆலை கரும்புச் சக்கையைக் காகிதத்துக்கு மூலப்பொருளாகக் கேட்டு, பதிலுக்குச் சர்க்கரை ஆலைகளுக்கு நீராவிக்கான எரிபொருளைத் தர முன்வந்தபோதும், பிரித்தெடுத்த ஆவியும் வீழ்படலக் கலங்களும் கரும்பு ஆலைப் பொறியாளர்களின் பேச்சில் புகுந்தன. வறுமையில் கற்ற சிக்கனத்தை வசதியுள்ளவர் பின்னாளில் கேட்டுப் பெற்றார்.

பீட் தொழிலோ இதற்கிடையில் எதிர்த்திசையில் ஓரடி வைத்தது. ஹங்கேரியின் கபோஷ்வார் நகரச் சர்க்கரை ஆலையில், பிழிந்த சக்கையை உலர்த்தாமலேயே பெருங்கலங்களில் இட்டுக் காற்றின்றி நொதிக்கவிடுகிறார்கள். நுண்ணுயிரிகள் அதைத் தின்று மீத்தேன் வாயுவைத் தருகின்றன, அது கொதிகலனில் எரிந்து ஆலைக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பங்கைத் தருகிறது. தீக்கு எதிரியாக இருந்த அதே ஈரம் நுண்ணுயிரிகளுக்குத் தேவையான சூழலாகிவிடுவதால் உலர்த்தும் செலவே எழுவதில்லை. நொதித்த பின் மீந்த குழம்பு வயலுக்குப் போகிறது. சாற்றைக் காய்ச்ச 88 கிலோ நீராவி கேட்ட காலத்தில் இந்த வாயு எந்த மூலைக்கும் போதாமல் இருந்திருக்கும். 20 கிலோவுக்கு இறங்கிய பிறகே 5 கிலோ நார் ஓர் எரிபொருளாகக் கணக்கில் வந்தது. ஆயினும் தீவனமாக விற்க வேண்டிய சக்கையே இங்கு வாயுவாகிறது என்பதால், அது மாட்டுத் தொழுவத்துக்குப் போவதா நொதிகலத்துக்குப் போவதா என்பதை அந்தந்தப் பருவத்தில் தீவனம் விற்கும் விலையும் எரிவாயு வாங்கும் விலையும் தீர்மானிக்கின்றன.